ஹைட்ரோஸும் உலோகத் தூளும்: சாயப்பட்டறைத் தொழிலாளர் அறிய வேண்டிய உயர்வெப்ப வேதிவினைகள்

திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில், காரைப்புதூர் ஊராட்சிக்கு உட்பட்டது அருள்புரம். சாயப்பட்டறைகளும், சலவைப்பட்டறைகளும், அச்சிடும் பட்டறைகளும், பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் நெருங்கி அமைந்த பகுதி அது. நொய்யல் மாசுபாட்டு வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்ட பிறகு, ஆற்றில் விடப்படும் கழிவுநீர் குறித்து நிறையப் பேசப்பட்டது. அதே பட்டறைகளின் இருப்பு அறைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் வேதிப்பொருள்கள் குறித்து அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. அவற்றைச் சுமந்து, அளந்து, கரைத்து, கொட்டும் தொழிலாளர்கள் குறித்தும் பேசப்படவில்லை.

வினைத்திறன் மிகுந்த வேதிப்பொருள்கள் உலோகத் தூளோடு சேரும்போது உண்டாகும் உயர்வெப்ப வினைகளை இக்கட்டுரையில் விளக்குகிறோம். இது பட்டாசு ஆலைகளுக்கு மட்டும் உரிய செய்தி என்று பலர் எண்ணக்கூடும். அப்படியன்று. உலகெங்கும் வேதிப் பாதுகாப்புப் பாடங்களில் எடுத்துக்காட்டப்படும் ஒரு வெடிவிபத்தில் ஐந்து தொழிலாளர்களைக் கொன்ற கலவையின் ஒரு பாதி அலுமினியத் தூள். மறு பாதி நம் சாயப்பட்டறைகள் அன்றாடம் பயன்படுத்தும் ஹைட்ரோஸ்.

தூளானால் ஏன் ஆபத்து

அலுமினியப் பாத்திரத்தை அடுப்பில் வைக்கிறோம், அது எரிவதில்லை. அதே அலுமினியத்தை மாவாக அரைத்தால் எரிகிறது. காரணம் பரப்பளவு. ஒரு செண்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மொத்தப் பரப்பு 6 சதுர செண்டிமீட்டர். அதைப் பத்து மைக்ரான் அளவுள்ள துகள்களாக்கினால், பரப்பு 6,000 சதுர செண்டிமீட்டராகிறது. எடை மாறவில்லை; வினைபுரியும் முகம் மட்டும் ஆயிரம் மடங்கு பெருகிவிட்டது.

அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் ஒன்று எப்போதும் மூடியிருக்கும். அலுமினியம் உருகுவது 660 டிகிரி செல்சியசில். அதன் ஆக்சைடு உருகுவதோ 2,000 டிகிரிக்கும் மேலே. இந்தப் படலமே கவசம். வெப்பமோ, உராய்வோ, காரமோ அக்கவசத்தை உடைத்தால் உள்ளிருக்கும் உலோகம் கிடைத்த ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும். ஒரு கிலோ அலுமினியம் முழுதும் எரிந்தால் வெளியாகும் வெப்பம் ஏறத்தாழ 31 மெகாஜூல். விறகு தரும் வெப்பத்தைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு இது. விறகு மெல்ல எரிகிறது, தூளோ நொடிப்பொழுதில் எரிந்து முடிகிறது.

உலோகத் தூள் ஆக்சிஜனைப் பெறும் வழிகள் மூன்று.

முதலாவது, காற்று. காற்றில் மிதக்கும் அலுமினியத் தூசு தீப்பொறி பட்டால் வெடிக்கும். சீனாவின் குன்ஷான் நகரில் 2014 ஆகஸ்ட் 2 அன்று வாகனச் சக்கரங்களுக்கு மெருகேற்றும் ஆலையில் இவ்வாறே வெடித்தது. அன்றே 75 பேர் இறந்தனர். மருத்துவமனைகளில் அடுத்தடுத்து இறந்தவர்களையும் சேர்த்து அவ்வாண்டு இறுதிக்குள் எண்ணிக்கை 146 ஆயிற்று.

இரண்டாவது, ஆக்சிஜனேற்றிகள். நைட்ரேட், குளோரேட், பெர்குளோரேட் போன்ற உப்புகள் தம்முள் ஆக்சிஜனைத் தேக்கி வைத்திருப்பவை. அவை உலோகத் தூளோடு கலந்தால் வெளிக்காற்று தேவையில்லை. மூடிய பாத்திரத்துக்குள்ளும் வினை நடக்கும். போர்த்தி அணைக்க முடியாது. இரும்பு ஆக்சைடோடு அலுமினியத் தூள் புரியும் தெர்மிட் வினையும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஜெர்மானிய வேதியியலர் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் 1890களில் உருவாக்கிய அம்முறையில் வெப்பம் 2,000 டிகிரியைத் தாண்டி, இரும்பு உருகி ஓடும். தண்டவாளங்களை ஒட்டவைக்க இன்றும் அது பயன்படுகிறது.

மூன்றாவது, தண்ணீர். தண்ணீர் என்றால் தீயணைப்பது என்று நாம் பழகியிருப்பதால் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய வழி இதுவே. நுண்ணிய அலுமினியமும் துத்தநாகமும் தண்ணீரிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு ஹைட்ரஜனை வெளியேற்றும். ஒரு கிலோ அலுமினியம் முழுதும் வினைபுரிந்தால் ஏறத்தாழ 1,250 லிட்டர் ஹைட்ரஜன் பிறக்கும். காற்றில் 4 விழுக்காடு இருந்தாலே ஹைட்ரஜன் தீப்பற்றும். காஸ்டிக் சோடா கரைசல் பட்டால் ஆக்சைடு கவசம் கரைந்துபோவதால் இவ்வினை பன்மடங்கு விரைவாகும். காஸ்டிக் சோடாவை அலுமினியப் பாத்திரத்தில் கரைக்கக் கூடாது என்பதன் காரணம் இதுவே.

ஹைட்ரோஸ்: பட்டறைக்குள் இருக்கும் வினைத்திறன்

பட்டறைகளில் ஹைட்ரோஸ் என்று சொல்லப்படும் வெண்ணிறத் தூளின் முழுப்பெயர் சோடியம் ஹைட்ரோசல்பைட். வேதியியலார் சோடியம் டைதயோனைட் என்பர். வேட் சாயங்களைக் கரையும் நிலைக்குக் கொண்டுவரவும், பாலியெஸ்டர் துணியில் ஒட்டாது நிற்கும் சாயத்தைக் கழுவவும், ஷேடு மாறிப்போன துணியின் சாயத்தை உரிக்கவும் இது வேண்டும். அடர்நிறம் ஓடிய இயந்திரத்தில் வெளிர்நிறம் ஓட்டுவதற்குமுன், காஸ்டிக் சோடாவோடு ஹைட்ரோஸைச் சேர்த்துக் கழுவுவதும் வழக்கம்.

இது ஆக்சிஜனேற்றி அன்று; அதற்கு நேர்மாறான ஒடுக்கி. ஆக்சிஜனைப் பறிப்பதே இதன் தொழில். உலரவும் குளிரவும் வைத்தால் அமைதியாக இருக்கும். சிறிதளவு ஈரம் பட்டாலோ வெப்பம் ஏறினாலோ தானே சூடேறித் தானே சிதையத் தொடங்கும். சிதையும்போது கந்தக டையாக்சைடு வெளியாகும். வேதிச் சமன்பாட்டின்படி, 50 கிலோ டிரம் ஒன்று முழுதும் சிதைந்தால் ஏறத்தாழ 9 கிலோ கந்தக டையாக்சைடு பிறக்கும். அவ்வாயு பத்து லட்சத்தில் நூறு பங்கு இருந்தாலே அவ்விடம் உயிருக்கு உடனடி ஆபத்தான இடமாகக் கருதப்படுகிறது. ஒரு டிரம்மிலிருந்து வரும் வாயு, 30,000 கன மீட்டர் காற்றை அந்த அளவுக்கு நஞ்சாக்கப் போதுமானது. திருப்பூரின் சிறிய பட்டறை எதுவும் அவ்வளவு பெரிய கூடம் கொண்டதன்று.

ஈர மக்கால் ஹைட்ரோஸை அள்ளுவது, மூடியைச் சரியாக மூடாமல் டிரம்மை ஈரத் தரையில் விடுவது, சிந்திய தூளை ஈரத் துணியால் கூட்டி மீண்டும் டிரம்மிலேயே போடுவது ஆகிய மூன்றும் தீயைத் தொடங்கிவைக்கும் செயல்கள். ஈரம் பட்டதும் உடனே எரிவதில்லை. சில மணிநேரம் உள்ளுக்குள் சூடேறி, கந்தக நெடியை வீசி, பிறகு புகையும். அந்த இடைப்பட்ட நேரமே தொழிலாளருக்கு எச்சரிக்கை.

அதே இருப்பு அறையில் வெளுப்பதற்கான ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கும். அது ஆக்சிஜனேற்றி. ஹைட்ரோஸும் அதுவும் ஒன்றோடொன்று சேரக் கூடாதவை. இரும்புத் துரு, செம்பு போன்றவை பெராக்சைடில் விழுந்தால் அது கட்டுக்கடங்காமல் சிதையும். வெளுப்புத் தொட்டியில் துரு விழுந்த இடத்தில் பனியன் துணி ஓட்டை விழுவதைத் தொழிலாளர்கள் கண்டிருப்பார்கள். துணியில் ஓட்டையாகத் தெரியும் வினையே மூடிய கலனில் அழுத்தமாகப் பெருகி வெடிக்கும்.

உலோகத் தூள் எங்கிருந்து வரும் என்ற கேள்வி எழலாம். பின்னலாடைகளில் பொன்னிற, வெள்ளிநிற அச்சுகளுக்கு வெண்கலத் தூளும் அலுமினியத் தூளும் பயன்படுவதுண்டு. அடர்நிறத் துணியில் நிறத்தை நீக்கி அச்சிடும் டிஸ்சார்ஜ் முறைக்கு ஹைட்ரோஸின் உறவுப் பொருள்களான சல்ஃபாக்சிலேட் ஒடுக்கிகள் வேண்டும். சாயமும் அச்சும் ஒரே வளாகத்தில் நடக்கும் இடங்களில் இவை ஒரே அறைக்கு வந்து சேர வாய்ப்புண்டு.

லோடை, 1995

அப்படிச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள லோடை நகரம் கண்டது. அங்கிருந்த நாப் டெக்னாலஜீஸ் ஆலையில், விலையுயர்ந்த உலோகங்களைப் பிரித்தெடுக்க உதவும் தூள் ஒன்றை வேறொரு நிறுவனத்துக்காகக் கலந்துகொண்டிருந்தனர். நமது ஊரில் ஜாப் ஒர்க் என்று சொல்லும் ஏற்பாடு அது. கலவையில் சோடியம் ஹைட்ரோசல்பைட், அலுமினியத் தூள், பொட்டாசியம் கார்பனேட் ஆகியவை இருந்தன. கலக்கும் இயந்திரத்துக்குள் எப்படியோ தண்ணீர் புகுந்தது.

உள்ளே வினை தொடங்கியது. தண்ணீர் ஹைட்ரோஸைச் சூடாக்கியது. அந்த வெப்பம் அலுமினியத்தின் வினையைத் தூண்டியது. அலுமினியம் தந்த வெப்பம் ஹைட்ரோஸை மேலும் சிதைத்தது. இப்படி ஒன்றை மற்றொன்று ஊட்டி வளர்ப்பதே கட்டுமீறிய வெப்பவினை. 1995 ஏப்ரல் 21 காலையில் கலவையை இயந்திரத்திலிருந்து வெளியேற்றத் தொழிலாளர்கள் முனைந்தபோது அது வெடித்தது. ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையும் பணிப் பாதுகாப்பு நிர்வாகமும் கூட்டாக நடத்திய விசாரணையின் அறிக்கை 1997இல் வெளிவந்தது. வினையின் ஆபத்து முன்கூட்டியே போதிய அளவில் ஆராயப்படவில்லை என்பது அதன் முதன்மையான முடிவுகளுள் ஒன்று. பின்னர் அந்நாட்டின் வேதிப் பாதுகாப்பு வாரியம் 1980 முதல் 2001 வரை நேர்ந்த 167 கடுமையான வினை விபத்துகளை ஆராய்ந்து, அவற்றில் 108 பேர் இறந்ததை 2002இல் பதிவு செய்தது. இரண்டு பொருள்களும் தனித்தனியே என்ன செய்யும் என்பது நெடுங்காலமாக அறியப்பட்டதே. அறிந்திருந்த செய்தி, இயந்திரத்தின் அருகில் நின்றவரின் உயிரைக் காக்கும் வடிவில் அவரிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். லோடையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் அதுவே.

விருதுநகரும் பாண்டியன் நகரும்

தமிழ்நாட்டில் உலோகத் தூள் வினையின் விலையை ஆண்டுதோறும் கொடுப்பது விருதுநகர் மாவட்டம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர். 2024 மே 9 அன்று சிவகாசி அருகே செங்கமலப்பட்டியில் மீண்டும் உயிரிழப்புகள். இப்பட்டியல் முழுமையானதன்று.

பட்டாசு மருந்தில் அலுமினியத் தூளும் ஆக்சிஜனேற்றியும் கலந்திருக்கின்றன. உராய்வு ஓர் ஆபத்து. ஈரம் மற்றோர் ஆபத்து. நைட்ரேட்டும் அலுமினியமும் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அம்மோனியா வெளியாகும். அது காரத்தன்மை உடையதாகையால் அலுமினியத்தின் கவசத்தை மேலும் அரிக்கும். மருந்து தானே சூடேறும். அன்றைக்குக் கலந்த மருந்தை அன்றைக்கே தீர்க்க வேண்டும், மிச்சம் வைக்கக் கூடாது என்ற விதியின் வேதியியல் அடிப்படை இது. உரிமம் பெற்றவர் ஒருவர், உள்குத்தகைக்கு எடுத்து நடத்துபவர் வேறொருவர், அறைக்கு இத்தனை பேர் என்ற வரம்பு ஏட்டில் மட்டும் என்றாகும்போது அந்த விதி முதலில் மீறப்படுகிறது. கந்தகத்தையும் குளோரேட்டையும் சேர்த்து வெடிபொருள் செய்வதை ஒன்றிய அரசு 1992இலேயே தடை செய்தது. பேரியம் உப்புகளைப் பட்டாசில் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் 2018இல் தடை விதித்தது. விதிகளுக்குக் குறைவில்லை.

இவ்வினை திருப்பூருக்கும் வந்தது. 2024 அக்டோபர் 8 அன்று திருப்பூர் பாண்டியன் நகரில், குடியிருப்புகளின் நடுவே ஒரு வீட்டில் வைக்கப்பட்டிருந்த நாட்டு வெடிகள் வெடித்தன. இறந்தவர்களுள் ஒரு கைக்குழந்தையும் உண்டு.

தண்ணீரா, மணலா

தீ பிடித்தபின் செய்ய வேண்டியது பொருளுக்குப் பொருள் மாறும். பன்னாட்டு அவசரகால வழிகாட்டிகள் கூறுவதன் சாரத்தைத் தருகிறோம். ஒவ்வொரு பொருளுக்கும் ஐக்கிய நாடுகள் அவை நான்கிலக்க எண் ஒன்றைக் கொடுத்துள்ளது. டிரம்மிலும் மூட்டையிலும் அவ்வெண் அச்சாகியிருக்க வேண்டும். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவரும் எண்ணைப் படிக்கலாம்.

- ஹைட்ரோஸ், எண் 1384: தானே சூடேறும் பொருள். எரிவதற்குக் காற்று வேண்டாதது. ஆகவே போர்த்தி அணைக்க முடியாது. சிறிதளவு தண்ணீர் தீயை வளர்க்கும். தொலைவிலிருந்து வெள்ளமாகப் பாய்ச்சப்படும் தண்ணீரே வினையை நிறுத்தும். இது தீயணைப்புத் துறையினரின் வேலை. வாளியோடு செல்லும் தொழிலாளரின் வேலை அன்று.
- அலுமினியத் தூள், பூச்சற்றது எனில் 1396, பூச்சுடையது எனில் 1309. துத்தநாகத் தூள், எண் 1436: தண்ணீர் கூடவே கூடாது. உலர்ந்த மணலும் உலோகத் தீக்கான உலர்தூளும் மட்டுமே. தூள் பறக்கும்படி எதையும் வீசி எறியக் கூடாது.
- ஹைட்ரஜன் பெராக்சைடு, 20 முதல் 60 விழுக்காடு வரை, எண் 2014: மிகுதியான தண்ணீர். மரத்தூள், பஞ்சு, துணி ஆகியவற்றால் ஒற்றி எடுக்கக் கூடாது, அவையே தீப்பற்றும்.

முதல் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்றுக்கு வெள்ளமாகத் தண்ணீர். மற்றொன்றுக்குத் துளித் தண்ணீரும் ஆகாது. இரண்டும் ஓர் அறையில் இருந்தால், எதைச் செய்தாலும் ஒன்று கெடும். அப்படிப்பட்ட தீயை அணைக்கும் நல்ல வழி எதுவும் இல்லை. இவற்றைத் தனித்தனி அறைகளில் வைப்பது ஒன்றே வழி. அறையில் என்ன இருக்கிறது என்று தீயணைப்புத் துறைக்குச் சொல்ல, அப்போது பணியிலிருக்கும் தொழிலாளருக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும்.

யார் கையில் கொடுக்கப்படுகிறது

வேதிவினைக்குச் சாதி தெரியாது. ஆனால் அவ்வினையின் அருகில் யார் நிறுத்தப்படுகிறார் என்பதைச் சாதியும் வறுமையும் ஊர்விட்டு ஊர் வந்த நிலையும் தீர்மானிக்கின்றன. ஆய்வாளர்கள் கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நீவ் ஆகியோர் திருப்பூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் நடத்திய ஆய்வுகள், ஓர் ஊரின் தலித்துகள் பின்னலாடை வேலைக்குச் செல்ல முடிவதையும், மற்றோர் ஊரின் தலித்துகள் முன்பணத்தால் விசைத்தறியில் கட்டுண்டு கிடப்பதையும் காட்டின. தொழில் வளர்ந்தால் சாதி தானாகத் தளர்ந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு அது தந்த விடை எளிதானதன்று.

2025 மே மாதம் காரைப்புதூரிலேயே, சாய ஆலை ஒன்றின் கழிவுத் தொட்டியைத் தூய்மை செய்ய இறக்கப்பட்ட தலித் தொழிலாளர்கள் மூவர் நச்சு வாயுவால் உயிரிழந்தனர். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் இயற்றப்பட்டு, பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அது உலோகத் தூளின் வினையன்று. ஆனால் இறந்தவர்கள் அங்கே நின்ற காரணம் வேறன்று. கண்ணுக்குத் தெரியாத ஆபத்து எங்கே உள்ளதோ, அங்கே முதலில் அனுப்பப்படுபவர் யார் என்பது எப்போதும் முன்பே முடிவாகியிருக்கிறது. இருப்பு அறையில் டிரம்மைத் திறப்பதும், சிந்தியதைக் கூட்டுவதும், காலி டிரம்மைக் கழுவுவதும் பயிற்சி வேண்டாத வேலைகள் என்று கருதப்பட்டு, ஒப்பந்தக் கூலிகளிடமும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களிடமும் விடப்படுகின்றன. உண்மையில் பட்டறையிலேயே கூடுதலான பயிற்சி வேண்டிய வேலைகள் அவையே.

சட்டம் தரும் உரிமைகள்

போபால் நச்சுவாயுப் பேரழிவுக்குப் பின் 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. அபாயகரமான பொருள்கள் பற்றிய செய்திகளைத் தொழிலாளருக்கு வெளியிடும் கடமையும், உடனடி ஆபத்து குறித்து எச்சரிக்கும் உரிமையும் அப்போது சேர்க்கப்பட்டன. அபாயகரமான வேதிப்பொருள்கள் குறித்த 1989ஆம் ஆண்டு விதிகள், கலன்களில் பெயரும் ஆபத்தும் குறிக்கப்பட வேண்டும் என்றும், பாதுகாப்புத் தரவுத்தாள் இருக்க வேண்டும் என்றும் கூறுகின்றன.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பணிப் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிச்சூழல் சட்டத்தொகுப்பு, பாதுகாப்பு பற்றிய செய்திகளை முதலாளியிடம் கேட்டுப் பெறும் உரிமையைத் தொடர்ந்து அளிக்கிறது. ஆனால் மின்விசையால் இயங்கும் இடம் தொழிற்சாலை எனப்பட முன்பு 10 தொழிலாளர்கள் போதும். இப்போது 20 பேர் வேண்டும். திருப்பூரின் சிறுபட்டறைகள் பல இந்த இரு எண்களுக்கும் இடையில் நிற்பவை. ஹைட்ரோஸ் டிரம் பத்துப் பேர் உள்ள இடத்தில் மெதுவாகச் சிதைவதில்லை.

காயமுற்றால் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின்கீழ் பணிக்காயப் பயன் முதல் நாள் முதலே உரியது. இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதற்கு இல்லை. காப்பீட்டில் சேராதவருக்கு முன்பு 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் இருந்தது; 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் இழப்பீட்டுப் பிரிவுகள் உண்டு. ஒப்பந்தக்காரர் வழி வந்தவர் என்பது இவ்விரண்டையும் மறுக்கக் காரணம் ஆகாது.

கேட்க வேண்டியவை

தொழிற்சங்கங்களும் தலித் அமைப்புகளும் ஒவ்வொரு பட்டறையிலும் பின்வருவனவற்றைக் கேட்க வேண்டும் என்பது நம் நிலைப்பாடு.

1. எல்லா டிரம்களிலும் பொருளின் பெயர், நான்கிலக்க எண், தண்ணீர் படலாமா கூடாதா என்ற குறி ஆகியவை தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் இருக்க வேண்டும்.
2. ஹைட்ரோஸ், பெராக்சைடு, அமிலம், உலோகத் தூள் ஆகிய நான்கும் சுவரால் பிரிக்கப்பட்ட தனித்தனி உலர் இடங்களில் இருக்க வேண்டும்.
3. ஹைட்ரோஸுக்கு மட்டுமே பயன்படும் உலர்ந்த அள்ளுகரண்டி வேண்டும். சிந்தியது மீண்டும் டிரம்முக்குள் போகக் கூடாது.
4. கந்தக நெடி வந்தாலோ டிரம்மைத் தொட்டால் சூடு தெரிந்தாலோ, அனைவரும் வெளியேறித் தீயணைப்புத் துறையை 101 அல்லது 112இல் அழைக்க வேண்டும். சூடேறிய டிரம்மை உருட்டி வெளியேற்ற எவரையும் அனுப்பக் கூடாது. லோடையில் இறந்தவர்கள் அத்தகைய வேலையில் இருந்தபோதே இறந்தனர்.
5. வெளியேறியதற்காகக் கூலி பிடிக்கப்படாது என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

ஐந்தாவது கோரிக்கை வேதியியலைச் சேர்ந்ததன்று என்று தோன்றலாம். நெடி வந்த பிறகு வினை கட்டுமீறுவதற்குச் சிறிது நேரம் இருக்கிறது என்று மேலே கண்டோம். அந்த நேரத்தில் ஒரு நாள் கூலியை எண்ணித் தயங்கி நிற்பவருக்கு, மற்ற நான்கும் பயன்படாமல் போகும்.